ஒரு வருடக் கடிதமும் ஒரு சொந்த வீடும்



கிளிநொச்சிப் பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் அண்மையில் காணி உறுதிகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். எவருடைய பெயரில் உறுதி இருக்க வேண்டும், எந்தக் கடதாசியை வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகு, பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழும்பி, "மிஸ், உங்களுக்குச் சொந்த வீடு இருக்கோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "ஓம் அம்மா, இப்பதான், போன வருசம்" என்றேன். "எப்பிடி வாங்கினனீங்கள்?" என்று அவர் விடவில்லை. அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு முழுவதையும் சொல்ல வேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆகவே இந்த மாதம் என் சொந்தக் கதை.

நான் பிறந்தது மயிலிட்டியில், 1988 ஆம் ஆண்டு. இரண்டு வயதில் அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு 1990 இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது நான் என் காலாலேயே நடந்தேன். அதற்குப் பிறகு சாவகச்சேரியில் ஒரு சித்தி வீடு, பிறகு கோயில் மடம், பிறகு வாடகை வீடுகள். ஒருமுறை எண்ணிப் பார்த்தேன், திருமணம் முடிக்கும் வரை பதினொரு வீடுகள். மயிலிட்டி 2017 இலும் அதற்குப் பின்னரும் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது அம்மாவின் சீதனக் காணியில் பாதிதான் வேலிக்கு இந்தப் பக்கம் வந்தது. வீடு இருந்த இடத்தில் அத்திவாரத்தின் அடையாளம் மட்டும். கிணற்றைத் தூர்த்திருந்தார்கள். அங்கே குடியிருக்க இன்னும் வழி இல்லை.

இப்படி வளர்ந்த எமக்கு 'வீடு' என்ற சொல்லைக் கேட்டவுடன் மூளை நின்றுவிடுகிறது. இதை நான் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவில்லை, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். சமூகவியல் படித்தவள் நான். இடப்பெயர்வும் வதிவிடமும் என்று பட்டப்படிப்புக்கு ஆய்வுக் கட்டுரைகூட எழுதினேன். அது வேறு, தன் தலையில் வரும்போது வேறு.

என் கணவர் என் வகுப்புத் தோழர். முதல் வகுப்பில் சித்தியெய்தி, தற்காலிக உதவி விரிவுரையாளராகச் சேர்ந்தவர். நானும் இரண்டு வருடம் அதே வேலை பார்த்துவிட்டு, பிறகு இந்தச் சமூகப் பணிக்கு வந்தேன். 'தற்காலிகம்' என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கள் அயலுக்குள் அது ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கு ஒரு கடிதம் தருவார்கள். வருடம் முடிய இன்னொரு கடிதம் வரலாம், வராமலும் விடலாம். கடிதம் இல்லாத மாதங்களில் வருகை விரிவுரையாளர் என்று மணித்தியாலக் கணக்கில் படிப்பிக்கலாம், அந்தக் காசு வந்து சேர இரண்டு மூன்று மாதம் செல்லும். நிரந்தரமாக்கப்படும் பதவிக்கு வெற்றிடம் விளம்பரப்படுத்தப்பட வேண்டும், நேர்முகத் தேர்வு நடக்க வேண்டும். ஒரு வெற்றிடத்துக்கு இவரைப்போல் பத்துப் பேர். இவர் மூன்று தடவை விண்ணப்பித்தார், மூன்று தடவையும் வேறொருவருக்குக் கிடைத்தது. ஆனால் கல்யாண வீடுகளில் இவர் 'கம்பஸ் லெக்சரர்'. முன்வரிசைக் கதிரை கொடுப்பார்கள், நன்கொடைக் கொப்பியையும் முதலில் இவரிடம்தான் நீட்டுவார்கள்!

என்னுடைய வேலையும் அப்படித்தான். திட்டம் இருக்கும்வரை சம்பளம் இருக்கும். ஆக, இருவரும் படித்தவர்கள், இருவருக்கும் அடுத்த வருடம் தெரியாது.

2021 இன் கடைசியில் கொண்டாவில் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. இரண்டு பரப்புக் காணி, நான்கு அறை, முன்னுக்கு விறாந்தை, நல்ல தண்ணீர்க் கிணறு, ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். விலை 85 இலட்சம். எம்மிடமும் உறவினரிடமும் புரட்டினால் 25 இலட்சம் வரும், மிச்சம் 60 இலட்சம் வங்கிக் கடன். வட்டி 11 சதவீதம், இருபது வருடத் தவணை, மாதம் ஏறக்குறைய 62,000 ரூபா. இருவருடைய சம்பளமும் சேர்ந்து அப்போது ஓர் இலட்சத்து முப்பதாயிரம். கையில் 68,000 மிஞ்சுகிறதே, வாடகையும் இல்லை, சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைப் போட்டது நான்தான். கணவர், "இஞ்சாரும், என்ரை கடிதம் ஒக்ரோபரோடை முடியுது" என்றார். "ஒவ்வொரு முறையும் தந்தவைதானே" என்று அவருடைய வாயை அடைத்துவிட்டேன். மகளுக்கு மாமரம் பிடித்துப்போயிற்று, எனக்கு விறாந்தை.

வங்கியில் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், நிரந்தர நியமனக் கடிதம் இருக்கோ?" என்றார். இல்லை. அப்படியென்றால் நிரந்தர அரச ஊழியர் இருவர் பிணை நிற்க வேண்டும். இவருடைய முகம் எப்படிப் போனது என்பதை நான் எழுத விரும்பவில்லை. இறுதியில் பிணைக்குச் சம்மதித்தவர்களில் ஒருவர் இவரிடம் படித்த பிள்ளை. இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்து, அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்று, பிரதேச செயலகம் ஒன்றில் இருக்கிறாள். ஓய்வூதியம் உள்ள வேலை. "சேர், நீங்கள் கேக்கவே தேவையில்லை, நான் வைக்கிறன் கையெழுத்து" என்றாள் அந்தப் பிள்ளை. அன்று இரவு இவர் சாப்பிடவில்லை.

இரண்டு இலட்சம் முற்பணமும் கொடுத்துவிட்டோம். அந்த வேளையில்தான் அம்மா, "உறுதியைப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். அம்மா எட்டாம் வகுப்புவரை படித்தவர். இடம்பெயர்ந்தபோது தன்னுடைய சீதன உறுதியைத் தொலைத்துவிட்டு, பிறகு காணிப் பதிவகத்துக்கு நடந்து நடந்து பிரதி எடுத்தவர். அந்த அலைச்சல் அவருக்குக் கற்றுக்கொடுத்ததை இரண்டு பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுக்கவில்லை. தோம்பு எடுத்துப் பார்த்தோம். வீடு தாயாரின் பெயரில் இருந்திருக்கிறது. தாயார் இறந்தபின் இரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு. மகன் கனடாவில். அவர் தன் மைத்துனருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தார், அவர்தான் எமக்கு விற்க வந்தவர். மகள் வவுனியாவில். அவருடைய கையெழுத்து எங்கேயும் இல்லை. "அவ வைப்பா, அது பிரச்சினையில்லை" என்றார் மைத்துனர். தேசவழமைப்படி காணியில் பங்குள்ளவருக்கே முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, அவருக்கு அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால் அவர் வழக்குக்குப் போகலாம் என்று நொத்தாரிசு விளக்கினார். கையெழுத்துக்காகக் காத்திருந்தோம். ஜனவரி போய், பெப்ரவரி போய், மார்ச்சும் போயிற்று. நான் அந்த வவுனியாச் சகோதரியை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மா இல்லை. எமக்குத் தர இருந்த கடனின் வட்டி 'மாறும் வட்டி' என்று கடதாசியில் சின்ன எழுத்தில் இருந்ததை அப்போதுதான் நான் ஆறுதலாக வாசித்தேன். அந்த வருடத்தின் கடைசியில் வங்கிக் கடன் வட்டி 25 சதவீதத்தைத் தாண்டிப் போனது. 60 இலட்சத்துக்கு 25 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 1,25,000 ரூபா. முதலில் ஒரு சதமும் குறையாது. ஒக்ரோபரில் இவருடைய கடிதம் முடிந்தது. புதிய ஆட்சேர்ப்புகள் நிறுத்தப்பட்டிருந்த காலம், அடுத்த கடிதம் வரவில்லை. ஏழு மாதம் இவர் மணித்தியால விரிவுரையும் உயர்தர மாணவருக்கு ரியூசனும் என்று ஓடினார். பெற்றோலும் இல்லை, சைக்கிளில்தான்.

அந்தச் சகோதரி கையெழுத்து வைத்திருந்தால் நாங்கள் மாமரத்தையும் இழந்து, பிணை நின்ற பிள்ளையின் சம்பளத்திலும் கைவைக்கச் செய்திருப்போம். கொடுத்த முற்பணத்தில் ஒன்றரை இலட்சம் ஒரு வருடம் கழித்துத் திரும்பியது. ஐம்பதாயிரம் போனது போனதுதான்.

அதற்குப் பிறகு ஓர் அப்பியாசக் கொப்பி வாங்கினோம். இருவருடைய சம்பளமும் வரும் மாதத்தை நான் அதில் எழுதவில்லை. ஒரு சம்பளம் மட்டும் வந்த அந்த ஏழு மாதங்களில் உண்மையாக என்ன செலவழித்தோம் என்று எழுதினேன். அரிசி, பிள்ளைகளின் பால், அம்மாவின் பிறஷர் மருந்து, பஸ், மின்சாரம், செத்த வீடு, சாமத்திய வீடு எல்லாம். வாடகை 18,000 உட்பட. கடைசியில் வந்த பதில் இதுதான்: மாதம் 23,000 ரூபாவுக்கு மேல் தவணை கட்ட எம்மால் முடியாது. முதலில் தவணையைப் பார்த்து, அதிலிருந்து கடனைப் பார்த்து, அதிலிருந்துதான் வீட்டைத் தேட வேண்டும். நான் தலைகீழாகச் செய்திருந்தேன்.

வீட்டுத்திட்ட வீடுகளிலும் இதைத்தானே கண்டோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா கட்டங் கட்டமாகத் தந்தார்கள். அந்தக் காசுக்குள் அடங்கும் வீட்டைக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். அயலவர் வைத்தாரென்று ஓர் அறையைக் கூட்டி அத்திவாரம் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு நகையை அடகு வைத்து, பிறகு நுண்கடன் எடுத்து, இன்றைக்கும் கிழமைக்கிழமை கட்டுபவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தப் பெண்களிடம் போய், "ஏனம்மா பெரிசாய்ப் போட்டனீங்கள்?" என்று கேட்டிருக்கிறேன். இனிமேல் அப்படிக் கேட்க மாட்டேன்.

2024 இல் வட்டி இறங்கியது. அச்சுவேலிப் பக்கம் ஒன்றேகால் பரப்பில் அரைகுறையாகக் கட்டிய ஒரு வீட்டைக் கண்டோம். இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, வெளியே பூச்சு இல்லை, உள்ளே நிலம் சீமெந்து போட்டது மட்டும். 38 இலட்சம். எம்முடைய சேமிப்பு 8 இலட்சம், சீட்டுக் காசு 6 இலட்சம், என் காப்புச் சோடி விற்றது 5 இலட்சம், என் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து 4 இலட்சம். இந்த நிதியைப் பற்றித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சகோதரிகள் அறிந்திருப்பது நல்லது. பத்து வருடம் பங்களிப்புச் செய்து, கணக்கில் மூன்று இலட்சமாவது இருந்தால், வீட்டுத் தேவைக்கென 30 சதவீதம் வரை எடுக்கலாம். கிழவியான பிறகு வரவேண்டிய காசு அது என்பதையும் நினைவில் வையுங்கள். நான் இரண்டு மனதோடுதான் எடுத்தேன்.

மிச்சம் 15 இலட்சம் வங்கிக் கடன், 13 சதவீதம், பத்து வருடம், மாதம் 22,400 ரூபா. கொப்பியில் எழுதிய எல்லைக்குள் வந்தது. பிணைக்கு அதே பிள்ளைதான் வந்தாள். இந்த முறை இவர் அவளுக்குக் கொப்பியைக் காட்டி, எங்கள் இருவரில் ஒருவருக்கு வேலை இல்லாமற் போனாலும் எப்படிக் கட்டுவோம் என்று கணக்கை விளக்கிச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வைக்க விட்டார்.

ஒரு செலவை நாங்கள் நினைக்கவே இல்லை. முத்திரைத் தீர்வை. முதல் ஓர் இலட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். 38 இலட்சத்துக்கு 1,51,000 ரூபா, நொத்தாரிசுக் கூலி, நில அளவையாளர் கூலி வேறு. பூச்சுக்கு ஒதுக்கிய காசு அத்தோடு போயிற்று.

உறுதி முடிக்கும் நாளில் நொத்தாரிசு, "தம்பியின்ரை முழுப்பெயரைச் சொல்லுங்கோ" என்று எழுதத் தொடங்கினார். "ரெண்டு பேரின்ரை பேரிலையும் ஐயா" என்றேன். கூட வந்திருந்த கணவரின் மாமா, "என்ன பிள்ளை, புருசன் பொஞ்சாதிக்குள்ளை பிரிவினையே?" என்று கேட்டார். பிரிவினை இல்லை மாமா. தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது, கணவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சட்டமே அப்படி இருக்கும்போது உறுதியிலும் பெயர் இல்லாமல் போனால் எம்முடைய கையில் என்ன இருக்கிறது? தேடியதேட்டத்தில் கணவர் இறந்தபின் பாதி மனைவிக்கு உரியதுதான். ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் ஏறி இறங்கிய பெண்களை நான் அறிவேன்.

அதைவிட மோசமான நிலை, கணவர் இறந்தாரா இருக்கிறாரா என்றே தெரியாத சகோதரிகளுடையது. முல்லைத்தீவில் ஒருவர் இருக்கிறார். காணி உறுதி கணவரின் பெயரில். 2009 மே மாதத்துக்குப் பின் அவரைப் பற்றிய தகவல் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் எல்லாம் இலகு என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். "காணிக்காக அவரைச் சாகடிக்கச் சொல்லுறியளோ?" என்று என்னிடம் கேட்டார். இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016 இல் சட்டம் வந்தது. அதைக்கொண்டு சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க வழி உண்டு. அதற்கும் அவர் இன்னும் மனம் ஒப்பவில்லை. நான் வற்புறுத்தவில்லை.

எங்கள் வீட்டு உறுதியில் என் பெயரைப் பார்த்த அன்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி இரண்டு தடவை வாசித்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். தன்னுடைய மயிலிட்டி உறுதிப் பிரதி இருக்கும் அதே பிஸ்கற் ரின்னுக்குள் எங்கள் உறுதியின் பிரதியையும் வைத்துவிட்டார். மூலப்பிரதி வங்கியில், இன்னும் ஒன்பது வருடத்துக்கு.

வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. மாரியில் மேற்குப் பக்க அறைச் சுவர் ஈரம் ஊறுகிறது, மகனின் படுக்கையை மற்ற அறைக்கு மாற்றியிருக்கிறோம். வருகிறவர்கள், "லெக்சரர் வீடு எண்டு சொன்னாங்கள், இது பூச்சும் இல்லை" என்று முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். முதல் மாதங்களில் எனக்குச் சுட்டது. இவருடைய இப்போதைய கடிதம் டிசம்பரில் முடிகிறது. என் திட்டம் மார்ச்சில். கொப்பி குசினிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இந்த மாதத் தவணையைக் கட்டியாயிற்று.

கூட்டம் முடிந்தபின் தனியே வந்து கதைத்த சகோதரிக்கு ஒரு சொல். பிரதேச செயலகம் தந்த அனுமதிப்பத்திரக் காணியை வைத்துக் கடன் தருவதாக ஒருவர் சொல்கிறார், 'நிபந்தனை அறுதி' என்று ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார் என்றீர்கள். நிபந்தனை அறுதி என்பது ஈடு அல்ல. சொன்ன தவணைக்குள் காசைத் திருப்பாவிட்டால் காணி அவருடையது என்று எழுதிக் கொடுப்பது அது. அனுமதிப்பத்திரக் காணியை அப்படி உங்கள் விருப்பத்துக்குக் கைமாற்றவும் முடியாது. அடுத்த இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். அதுவரை எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். அவசரமென்றால் அந்தக் கடதாசியைக் கையோடு எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் சங்கத் தலைவியிடம் சொல்லிவிடுங்கள், நான் கூட வருகிறேன்.